வெளிக்கிட்டாச்சு

காலை பத்தரைக்கு முன்பே காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது. மாலை நான்கு மணிக்குத்தான் திரும்பும் என்று முந்தின நாள் புவனேசனே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். காற்றுக்கு யாருடைய கையெழுத்தைப் பற்றியும் கவலை கிடையாது. இங்கிலாந்தின் எசெக்ஸ் கரைக்கு வெளியே கடலில் கட்டிப் போட்டிருக்கும் மிதவை ஒன்று, அரை மணிக்கொரு தடவை அலையின் உயரத்தை லண்டனில் அவன் வேலை செய்யும் வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பத்து மணிக்கு ஒன்றரை மீட்டர் என்று சொன்ன மிதவை, பத்தரைக்கு இரண்டே கால் என்றது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஐந்தே நொடி. குட்டையான, செங்குத்தான, புத்தம் புதிய அலைகள். அவன் அந்த எண்ணைப் பார்த்தான், மூடினான், திறந்து மறுபடியும் பார்த்தான்.

"மாமி" என்று வாய்விட்டுச் சொன்னான். அன்றைய ஷிப்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹெலன் பக்கத்து மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவன் முகம் போன போக்கைப் பார்த்து நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

செட்ஜ்வெல் என்பது அந்தக் கரையில் தட்டையான ஒரு சிற்றூர். கடல், அதற்கு இந்தப் பக்கம் சதுப்பு, அப்புறம் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கொங்கிரீட் சுவர், சுவருக்குப் பின்னால் தாழ்ந்து கிடக்கும் நிலத்தில் இருநூறு ஒற்றைத்தள வீடுகள். அதில் ஒன்றில்தான் அவனுடைய மாமனார் செபமாலைமுத்துவும் மாமியார் றோஸ்மலரும் இருந்தார்கள். மன்னாரிலிருந்து வந்து இருபத்தேழு வருடம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் மூன்றாம் மாடியில் குடியிருந்தவர்கள். பக்கவாதம் வந்து மாமாவுக்கு வலது பக்கமும் பேச்சும் போனபோது, அந்தக் கட்டிடத்து லிஃப்டும் அவரோடு சேர்ந்து படுத்துவிட்டது. கவுன்சிலுக்கு எழுதி எழுதிக் கை சலித்தபின், படி இல்லாத வீடு தேடும் வேலையைப் புவனேசன் தன் தலையில் போட்டுக்கொண்டான். தேடினான், வெள்ள வரைபடத்தைப் பார்த்தான், சுவரின் உயரத்தைப் பார்த்தான். "படியே இல்ல மாமி, ராணி மாதிரி இருக்கலாம்" என்று சாவியைக் கையில் கொடுத்தான். படி இல்லாத வீட்டில் ஓடி ஏற மேல்மாடியும் இருக்காது என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சுவரைத்தான் காட்டியிருப்பான்.

அன்று காலை ஏழரைக்கு மாமி ஃபோன் எடுத்திருந்தாள். "தம்பி, ரிவியில புயல் எண்டு சொல்லுறாங்கள். நாங்கள் இருக்கலாமோ, எழும்பி வரவோ?"

"இருங்க மாமி. ஒரு மணிக்கு மேலதான் தண்ணி உச்சத்துக்கு வரும். வந்தாலும் சுவருக்கு முப்பது சென்டிமீட்டர் கீழதான் நிக்கும். நானே பாத்துட்டேன்."

"அப்ப சரி. நீங்கள் பாத்தால் சரிதானே."

அவளுக்கு அவன் வேலை என்னவென்று சரியாகத் தெரியாது. பங்குக் கோயிலில் கேட்பவர்களிடம் "எங்கட மருமகன்தான் இந்த நாட்டுக் கடலைப் பாக்கிறவர்" என்பாள், கடல் ஏதோ கட்டுக்கடங்காத மாடு போலவும் அவன் அதற்குக் காவல் போலவும். மலேசியாவில் கிள்ளானிலிருந்து படிக்க வந்து, படித்த இடத்திலேயே வேலை தேடிக்கொண்டு, ஒரு மன்னார்க் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டி, ஆறு வருடமாக இந்தப் பெருமையைச் சுமந்து திரிந்தான். சுமப்பதில் அவனுக்கு ஒரு ருசியும் இருந்தது.

அந்த முப்பது சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்குத் தெரியும். நிலவு இழுக்கும் ஏற்றம் ஒன்று. அதன் மேல் புயல் தள்ளிக்கொண்டு வரும் நீர் இன்னொன்று. அதற்கு அலுவலகத்தில் சர்ஜ் என்று பெயர். இரண்டையும் கூட்டிச் சுவரின் உயரத்தோடு ஒப்பிட்டால் முப்பது மிஞ்சும். அலைகள் அந்தக் கூட்டலில் இல்லை. ஆனால் அலைகள் சும்மா மேலே குதித்துவிட்டுப் போகிறவை அல்ல. புதிய அலைகள் கடலின் முதுகைச் சொரசொரப்பாக்கும். சொரசொரப்பான முதுகில் காற்றுக்கு நல்ல பிடி கிடைக்கும். அதே காற்று இன்னும் கூடுதலாக நீரைத் தள்ளும். அது போதாதென்று, கரைக்கு வந்து உடைகிற ஒவ்வொரு அலையும் கொண்டுவந்த நீரை அங்கே விட்டுவிடும், அது திரும்பிப் போவதற்குள் அடுத்தது வந்து வழியை மறிக்கும். தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் மேலே போனவர்கள் இறங்க முடியாமலும் கீழிருந்து வருகிறவர்கள் நிற்க முடியாமலும் வாசலில் மூச்சு முட்ட நிற்பார்களே, அப்படி நீர் கரையோரத்தில் மட்டும் குவிந்து நிற்கும். ஒரு சாண், சில நேரம் இரண்டு சாண். ஆழத்தில், கடலுக்குள் நீளும் இறங்குபாலத்தின் நுனியில் நிற்கும் நீர்மட்ட அளவுகோலுக்கு இது தெரியவே தெரியாது.

இதை மற்ற ஊர்களுக்கெல்லாம் சேர்த்திருந்தார்கள். செட்ஜ்வெல்லுக்குச் சேர்க்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஓர் அறிக்கையில், இந்தப் பகுதியில் சதுப்பு அலையைத் தின்றுவிடுகிறது, ஆகவே அலைகளின் பங்கு புறக்கணிக்கத்தக்கது என்று ஒரு வரி எழுதப்பட்டது. எழுதியவன் புவனேசன். கணினி மாடலில் அந்த இடத்துக்குப் பூச்சியம் போட்டவனும் அவன்தான். சதுப்பின் மேல் முழங்கால் அளவு நீர் நிற்கும்போது அந்த வரி உண்மை. இன்று சர்ஜ் வந்து சதுப்பை இரண்டு மீட்டர் ஆழத்தில் அமுக்கிவிடும். வருகிற அலைகளுக்குக் கீழே ஒரு சதுப்பு இருப்பதே தெரியப்போவதில்லை. நேராகச் சுவருக்குத்தான் வரும். ஹெலனிடம் சொல்லத் தொடங்கினான்.

ஹெலன் வாதாடவில்லை. அவன் சொல்லச் சொல்ல எழுந்து நின்றுகொண்டே கேட்டாள், பாதியிலேயே ஃபோனைக் கையில் எடுத்துவிட்டாள். பதினொன்று ஐந்துக்குச் செட்ஜ்வெல்லுக்கு உயிராபத்து எச்சரிக்கை போனது. வீடு வீடாகத் தட்டக் கவுன்சில் ஆட்கள் புறப்பட்டார்கள். அதற்கு முன்னாலேயே புவனேசன் மாமிக்கு ஃபோன் அடித்துவிட்டான்.

"மாமி, நான் காலைல சொன்னது தப்பு. உடனே கிளம்புங்க. மாமாவுக்கு வழக்கமா வர்ற டாக்சியக் கூப்பிடுங்க. கிடைக்கலேன்னா நான் யாரையாவது அனுப்புறேன்."

"ஐயோ, அவர் இன்னும் குளிக்கேல்லைத் தம்பி."

"குளிக்க வேணாம் மாமி. கிளம்புங்க, ப்ளீஸ்."

"ஓம், ஓம். நீங்கள் வேலையைப் பாருங்கோ."

வேலையைப் பார்த்தான். ஒன்று முப்பத்தைந்துக்கு உச்சம். அதற்குள் இன்னும் ஆறு ஊர்களுக்கு எண்களை மாற்ற வேண்டும். மாற்றினான். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய மாமி இருக்கிறாள் என்று வேறு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் மனைவி றொசாந்திக்குக் குட்மேய்ஸில் ஒரு மருந்துக்கடையில் வேலை. உள்ளே போனால் ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அவளுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, பதினொன்று நாற்பதுக்கு மாமிக்கு மறுபடி அடித்தான்.

"மாமி, என்னாச்சு?"

"நாங்கள் வெளிக்கிட்டாச்சுத் தம்பி."

பின்னால் காற்று இரைந்தது. காருக்குள் இருந்து பேசினால் அப்படித்தான் இரையும் என்று நினைத்தான். "மாமா?"

"அவரும் வெளிக்கிட்டாச்சு. பக்கத்திலதான் இருக்கிறார்."

"பெல்ட் போட்டுட்டாரா?"

"ஓம், பெல்ட் போட்டுத்தான் இருக்கிறார்."

"அப்பாடா" என்றான் புவனேசன். "நல்லது மாமி. ஃபோனக் கையிலேயே வச்சுக்குங்க." நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். ஹெலன் கேள்வியாகப் பார்த்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள்.

ஐந்து நிமிடம் கழித்து பஸ்தியாம்பிள்ளை அண்ணை கூப்பிட்டார். செட்ஜ்வெல்லில் பெற்றோல் ஷெட்டோடு சேர்ந்த கடை அவருடையது. மாமிக்கு முருங்கைக்காயும் சிவப்பரிசி மாவும் கிழமைக்கு ஒரு தடவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார், அரை மணி நேரம் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்.

"தம்பி, கடையைப் பூட்டிப்போட்டு வெளியால போறம். வான் சும்மாதான் கிடக்குது. அம்மாவையும் ஐயாவையும் ஏத்திக்கொண்டு போகட்டோ? ரெண்டு நிமிச அலுவல்."

"வேணாம் அண்ணே, ரொம்ப நன்றி. அவங்க எப்பவோ கிளம்பிட்டாங்க. நீங்க பத்திரமாப் போங்க."

"அப்ப சந்தோசம்."

அந்த ஒரு மணி நேரம் புவனேசன் நன்றாக வேலை செய்தான். அதை அவன் பிற்பாடு ஒருபோதும் தனக்கு மன்னிக்கப்போவதில்லை. கன்ரீனிலிருந்து யாரோ வாங்கிவந்த சான்ட்விச்சைத் தின்றான். ஜன்னலுக்கு வெளியே லண்டன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே தெருவில் ஒருவன் குடை இல்லாமல், சட்டைக் கையை மடித்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போனான்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு றொசாந்தி கூப்பிட்டாள்.

"புவன், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஆரை அனுப்பினனீங்கள்? இன்னும் வரேல்லையாம்."

"யாரையும் அனுப்பலயே. அவங்கதான் எப்பவோ கிளம்பிட்டாங்களே."

"ஆர் சொன்னது? நான் இப்பதான் அம்மாவோட கதைச்சனான். அவ வீட்டிலதான் நிக்கிறா."

"இல்ல றொசா. மாமியே சொன்னாங்க. வெளிக்கிட்டாச்சுன்னு சொன்னாங்க."

மருந்துக்கடையில் யாரோ இருமுவது கேட்டது. பிறகு றொசாந்தி, பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "புவன். வெளிக்கிட்டாச்சு எண்டால் உடுப்பு மாத்தி ஆயத்தமா இருக்கிறம் எண்டு. டாக்சி கிடைக்கேல்லையாம். அம்மா அப்பாவுக்குக் கோட்டெல்லாம் போட்டு, வீல்செயாரில இருத்தி வச்சுக்கொண்டு நீங்கள் அனுப்பிற ஆளைப் பாத்துக்கொண்டு நிக்கிறா."

வீல்செயாருக்கும் பெல்ட் உண்டு.

ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போக அவன் காரில் ஏறி உட்கார்ந்து ஹோர்ன் அடிப்பான். "வெளிக்கிட்டுட்டன், வெளிக்கிட்டுட்டன்" என்று வீட்டுக்குள்ளிருந்து றொசாந்தி கத்துவாள். அதற்குப் பிறகும் பத்து நிமிடம் ஆகும். நல்ல குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் சொல்லும் சின்னப் பொய் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வான். ஊருக்குப் புறப்பட்டவர்களைப் பற்றியும் அவர்கள் அதே சொல்லைத்தானே சொல்கிறார்கள், விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டினம், பத்து மணிக்கு வந்து சேர்ந்தினம் என்று. அந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கம் இருந்தது. அவனுக்கு ஒரு பக்கம்தான் தெரிந்திருந்தது. தெரியாது என்பதும் தெரியவில்லை. மாமியின் ஊர்க்காரன் ஒருவன் என்றால், எங்க நிக்கிறியள் என்று அடுத்த கேள்வி கேட்டிருப்பான்.

"புவன்? இருக்கிறீங்களோ? நான் இப்ப ட்ரெயினில போகட்டோ?"

"ட்ரெயின் ஓடல றொசா. காத்துக்கு நிப்பாட்டிட்டாங்க. லைன வை. நான் பாத்துக்கிறேன்." சொன்ன பிறகுதான், காலையில் மாமியிடம் சொன்னதும் ஏறக்குறைய இதேதான் என்று உறைத்தது.

ஹெலனிடம் ஒரே மூச்சில் சொன்னான். அவள் விலாசத்தை வாங்கிக்கொண்டு மீட்புப் பிரிவுக்கு நேராகப் பேசினாள். புவனேசன் பஸ்தியாம்பிள்ளை அண்ணைக்கு அடித்தான். எட்டு மைல் உள்ளே போய்விட்டிருந்தார். "என்ன தம்பி சொல்லுறீங்கள், போயிட்டினம் எண்டுதானே சொன்னனீங்கள்" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் வானைத் திருப்பிவிட்டார். சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது. அப்புறம் மாமி. இந்தத் தடவை வீடியோவில் கூப்பிட்டான். மாமியின் நெற்றியும் கூரையில் பாதியும் தெரிந்தன. அவளுக்கு எப்போதும் அப்படித்தான் பிடிக்க வரும்.

"தம்பி, ஆள் வந்திட்டுதோ?"

"வருது மாமி. மாமி, கவுன்சில் ஆளுங்க யாரும் வந்து கதவத் தட்டலயா?"

"வந்தவை தம்பி. ரெண்டு பேர், மஞ்சள் சட்டையோட. மை சன் இன் லோ இஸ் சென்டிங் சம்படி எண்டு சொன்னனான். வேற ஆக்களைப் பாருங்கோ எண்டு விட்டனான்." இங்கிலீஷில் சொல்லிச் சமாளித்ததில் அவளுக்குச் சின்னச் சந்தோஷம் கூட இருந்தது. புவனேசன் கண்ணை மூடிக்கொண்டான். மஞ்சள் சட்டைக்காரர்களை அனுப்பி வைத்ததும் அவன்தான், திருப்பி அனுப்பியதும் அவன்தான்.

"மாமி, வாசக் கதவத் திறந்து தெருவப் பாருங்க. வீல்செயாரத் தள்ளிக்கிட்டு மேட்டுல இருக்கற கோயில் பக்கம் போக முடியுமான்னு பாருங்க."

படம் ஆடிக்கொண்டே போனது. கதவு திறந்ததும் காற்று ஃபோனுக்குள் புகுந்து அலறியது. தெரு கலங்கிய பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைக் குப்பைத் தொட்டி ஒன்று படுத்தபடி மிதந்து போனது. தெருக் கோடியில் சுவருக்கு மேலே வெள்ளையாக ஏதோ எழுந்தது, நின்றது, விழுந்தது. ஐந்து நொடி கழித்து இன்னொன்று. எண்ணாமல் இருக்க முடியவில்லை அவனால். "மூடுங்க மாமி, கதவ மூடுங்க" என்று கத்தினான். அலுவலகத்தில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

ஹெலன் ஒரு காகிதத்தில் எழுதி அவன் முன்னால் வைத்தாள். படகு, நாற்பது நிமிடம். மணி ஒன்று ஐந்து. உச்சத்துக்கு முப்பது நிமிடம்.

ஒன்று பத்துக்குக் கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்தது. மாமி துவாய்களைச் சுருட்டி வைத்தாள். துவாய்கள் எழுந்து மிதந்தன. கரண்ட் போனது. மாமாவின் நாற்காலிச் சக்கரத்தில் பாதி நனைந்தபோது, அவர் பேசாத வாயால் ஒரு சத்தம் எழுப்பினார். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, மருமகன் லைனில நிக்கிறார்" என்று மாமி அவர் தோளைத் தட்டினாள். புவனேசனுக்கு ஃபோனை மேசையில் வைத்துவிட்டு எங்காவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. எங்கே ஓடுவது?

"மாமி, அந்த ஹொய்ஸ்ட் எங்க இருக்கு?"

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாமாவை மாற்றுவதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட இயந்திரம் அது. துணித் தொட்டிலில் ஆளை இருத்திக் கொக்கியில் மாட்டிப் பொத்தானை அமுக்கினால் தூக்கும். பேட்டரியில் ஓடும், கரண்ட் தேவையில்லை.

"கட்டிலடியில நிக்குது."

"துணிய மாமாவுக்குக் கீழ போடுங்க. தினமும் போடுற மாதிரி. மாட்டுங்க. தூக்குங்க."

"எங்க தம்பி மாத்திறது? கட்டிலும் நனையப் போகுதே."

"மாத்த வேணாம். தூக்கி வச்சிருங்க. சும்மா மேலேயே வச்சிருங்க."

அவள் ஃபோனை அலுமாரித் தட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வருத்தக்காரி. தண்ணீருக்குள் நாற்காலியை இழுத்து, துணியைச் செருகி, கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டுவதைப் புவனேசன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கொக்கி விடுபட்டது. "இடது காலு மாமி, இடது காலுக்குக் கீழ" என்றான். மாட்டினாள். இயந்திரம் உறுமியது.

அந்த நேரத்தில் அவனுடைய மேசை ஃபோன் அடித்தது. பஸ்தியாம்பிள்ளை அண்ணை.

"தம்பி, றோட்டில தண்ணி ஓடுது. வான் நிண்டுட்டுது. அம்மாவின்ர வீடு நான் நிக்கிற இடத்தில இருந்து அரை மைல்கூட இல்லை. இறங்கி நடக்கிறன்."

முழங்கால் அளவு ஓடும் நீர் திடமான ஆளையும் சாய்த்துவிடும் என்று புவனேசன் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பாடம் எடுத்தவன். அதற்கென்று படம் வரைந்த அட்டைகூட வைத்திருந்தான். வானை விட்டு இறங்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். பஸ்தியாம்பிள்ளைக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை போன வருடம்தான் கோயிலில் முதல் நன்மை வாங்கியது, அந்த விருந்துக்கு இவர்கள் எல்லாரும் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

"தம்பி? கேக்குதோ?"

"கேக்குது அண்ணே."

"நடக்கிறன் என்ன."

புவனேசன் வாயைத் திறந்தான். ஒரு சொல்லும் வரவில்லை. வரவில்லை என்பது பொய். வந்த சொல்லை அவன் வெளியே விடவில்லை. லைன் கட்டாகிவிட்டது. ரிசீவரை வைத்தான்.

அவன் முன்னால் இருந்த பெரிய திரையில், பாலத்து நுனி அளவுகோலின் கோடு பச்சையாகவே போய்க்கொண்டிருந்தது. சுவரின் உயரத்துக்கு இருபத்தெட்டு சென்டிமீட்டர் கீழே, ஏறக்குறைய காலையில் அவன் சொன்ன இடத்திலேயே, ஒரு பிசகும் இல்லாமல். அதை மட்டும் பார்ப்பவர்கள் இன்றைய ஃபோர்காஸ்டைப் பாராட்டுவார்கள்.

"தம்பி." மாமி ஃபோனைக் கையில் எடுத்திருந்தாள். இப்போது முகம் முழுதும் தெரிந்தது. நீலக் கோட்டுக்குள் ஊதாச் சேலை. பூசைக்குப் போகும்போது உடுத்துவது. "இன்னும் எவ்வளவு ஏறும்?"

குரலில் குற்றம் சொல்வது துளியும் இல்லை. காலையில் கேட்ட அதே குரல். அதுதான் அவனைக் கொன்றது. நீங்கள் பாத்தால் சரிதானே. சுவரின் நீளம், அலைக்கு இத்தனை லீட்டர், அந்தக் கிண்ணம் போன்ற நிலத்தின் பரப்பு, மீதி பதினைந்து நிமிடம். மனத்துக்குள்ளேயே பெருக்கினான், வகுத்தான். இந்தத் தடவை அலைகளையும் சேர்த்தான், எல்லாவற்றையும் சேர்த்தான்.

"மெத்தை வரைக்கும் வரும் மாமி. அதுக்கு மேல வராது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப மெத்தைக்கு மேலதான் தம்பி நிக்குது."

வேறு எண் அவனிடம் இல்லை. எத்தனை வருடத்துப் படிப்பு, எத்தனை மாடல், ஒரு அறைக்குள் நிற்கும் தண்ணீருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. "மாமி, பொத்தான அமுக்குங்க. எவ்வளவு போகுமோ அவ்வளவும் அமுக்குங்க. நீங்க கட்டில் மேல ஏறி நில்லுங்க. கட்டில் இரும்பு, நகராது. கம்பியப் பிடிச்சுக்குங்க. அண்ணே நடந்து வர்றாரு. படகு வருது. மாமி, மாமா சத்தம் போட்டாலும் பரவால்ல, நீங்க மட்டும் கம்பிய விடக்கூடாது, என்ன?"

"ஓம்" என்றாள். மறுபடி ஃபோனைத் தட்டில் வைத்தாள். இயந்திரம் உறுமிக்கொண்டே போய் ஓரிடத்தில் டக்கென்று நின்றது. "இவ்வளவுதான் போகும்" என்று அங்கிருந்தே சொன்னாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டில் சட்டத்தில் ஒரு காலும் மெத்தையில் ஒரு காலுமாக ஏறினாள். மெத்தை அவள் காலுக்குக் கீழே வழுக்கி விலகியது. ஒரு நொடி அவள் படத்திலேயே இல்லை.

"மாமி!"

ஹெலன் அவன் தோளைப் பிடித்தாள். படத்தில் மங்கலான வெளிச்சம், அசையும் பழுப்புத் தண்ணீர். அதற்கு மேலே, துணித் தொட்டிலில் செபமாலைமுத்து தொங்கினார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை, சீவி வாரிய தலை. தண்ணீர் இழுத்த பக்கமாக இயந்திரம் அவரை மெதுவாகச் சுற்றிக்கொண்டுவந்தது. முகம் இந்தப் பக்கம் திரும்பியபோது வாய் திறந்திருந்தது. வேலை செய்கிற அவருடைய ஒரே கை, இடது கை, கீழே நீண்டு, பாரம் தாங்கி விறைத்திருந்தது. அந்தக் கையின் நுனியில், விரல்களுக்குள் கசங்கி, றோஸ்மலரின் நீலக் கோட்டுக் கொலர் இருந்தது. பிடி விடவில்லை.